நிறைவேறிவிட்டதாக எண்ணுதல்

தில்லியின் பழைய ராஜிந்தர் நகரிலும் முகர்ஜி நகரிலும் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்போர் தங்கும் அறைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் இந்திய வரைபடம், அதன் அருகே பாடத்திட்டத்தின் நகல். சில சுவர்களில் இன்னொரு தாளும் இருக்கும். அதில் அறைக்குரியவரின் பெயரும், பெயருக்குப் பின்னே இ.ஆ.ப. என்ற எழுத்துகளும் காணப்படும். கைப்பேசியின் முகப்பில் முசூரியிலுள்ள பயிற்சி அகாதெமியின் படம் வைத்திருப்போரும் உண்டு.

இவர்களுள் ஒரு சாரார் உறங்கும் முன் கண்களை மூடிக்கொண்டு, முடிவுப் பட்டியலில் தம் பெயரைக் கண்டுவிட்டதாகவும், ஊரில் தாய் கண்கலங்கி நிற்பதாகவும் காட்சிப்படுத்திக்கொள்கின்றனர். "கிடைக்க வேண்டும்" என்று வேண்டுவதில்லை. "கிடைத்துவிட்டது" என்று நன்றி சொல்கின்றனர். விருப்பத்தைக் காலையில் 3 முறை, நண்பகலில் 6 முறை, இரவில் 9 முறை எழுதும் வழக்கமும் பரவியிருக்கிறது. மேனிஃபெஸ்டேஷன் என்றும் ஈர்ப்பு விதி என்றும் இணையக் காணொளிகள் விற்பனை செய்யும் பயிற்சி இதுதான்.

இப்பயிற்சியின் இன்றைய வடிவத்துக்குப் பெரிதும் காரணமானவர் நெவில் காடர்ட். 1905இல் பார்படோஸ் தீவில் பிறந்து, இளம் வயதில் நியூயார்க் சென்று, நாடகத்திலும் நடனத்திலும் ஈடுபட்டுப் பின்னர்ச் சொற்பொழிவாளரானவர். 1933இல் கையில் பணமின்றி ஊர் திரும்ப ஏங்கியபோது, அப்துல்லா என்ற ஆசிரியர் "நீ பார்படோஸில்தான் இருக்கிறாய்" என்று சொன்னதாக அவர் கூறுவார். தாய்வீட்டில் படுத்திருப்பதாக எண்ணியபடியே இரவுதோறும் உறங்கினார். சில வாரங்களில் தமையன் விக்டரிடமிருந்து கப்பல் பயணத்துக்கான ஏற்பாட்டுடன் கடிதம் வந்தது. காடர்ட் இதனைக் கற்பனையின் வெற்றியாகக் கண்டார். ஆனால் அவர் கதையிலேயே பயணச் செலவை ஏற்ற ஓர் அண்ணன் இருக்கிறார், அவருக்குப் பின்னே வணிகம் செய்யும் குடும்பம் இருக்கிறது. 1972இல் காடர்ட் மறைந்தார். 2006இல் ரோண்டா பைர்னின் 'தி சீக்ரெட்' படமாகவும் நூலாகவும் வெளிவந்தபின், இதே வகைக் கருத்துகள் உலகெங்கும் சந்தைப்பொருளாயின.

தில்லி அறைகளில் இதற்கு ஏன் இத்தனை வரவேற்பு என்பதை எண்களே சொல்கின்றன. 2023ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் 10,16,850 பேர். முதனிலைத் தேர்வு எழுதியோர் 5,92,141 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றோர் 14,624 பேர். நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோர் 2,855 பேர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டோர் 1,016 பேர். எழுதியவர்களில் ஏறத்தாழ 580 பேருக்கு ஒருவர். பொதுப் பிரிவினருக்கு 32 வயதுவரை 6 முயற்சிகளே அனுமதி. இத்தகைய நிச்சயமின்மைக்குள் ஆண்டுக்கணக்கில் வாழும் ஒருவருக்கு, முடிவு தன் மனத்தின் பிடியில்தான் இருக்கிறது என்ற சொல் மருந்தாகத் தோன்றுவதில் வியப்பில்லை. எனவே அப்பழக்கத்தை எள்ளி நகையாடுவதில் பொருளில்லை. அம்மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்பதே முறை.

உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது இதனைத்தான். 1991இல் டாமஸ் வாடனுடன் அவர் வெளியிட்ட ஆய்வு, உடல் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களைப் பற்றியது. "என்னால் குறைக்க முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாக எடை குறைந்தனர். எடை குறைந்துவிட்டதுபோன்ற இனிய கற்பனைகளில் மிகுதியாகத் திளைத்தவர்களோ ஓராண்டு முடிவில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 11 கிலோ குறைவாகவே இழந்திருந்தனர். 2002இல் டோரிஸ் மாயருடன் வெளியிட்ட ஆய்வில், வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிய கனவு கண்ட பட்டதாரிகள் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் குறைவான விண்ணப்பங்களை அனுப்பியிருந்தனர், குறைவான வேலை வாய்ப்புகளைப் பெற்றிருந்தனர், குறைவான ஊதியமும் ஈட்டினர்.

இங்கே நம்பிக்கையும் கற்பனையும் வெவ்வேறு என்பது கவனத்துக்குரியது. நம்பிக்கை கடந்த அனுபவத்தின் மேல் நிற்கிறது. முடிவுற்ற இன்பத்தைக் கற்பனையில் நுகர்வதற்கு அவ்வடித்தளம் தேவையில்லை. அவ்வாறு நுகரும் மனம், வேலையைத் தொடங்கும் முன்பே கூலியைப் பெற்றுக்கொள்கிறது. ஹெதர் காப்பஸுடன் ஓட்டிங்கன் 2011இல் வெளியிட்ட சோதனைகளில், இனிய கற்பனைக்குப் பின் உடலின் ஊக்கமே தணிவது இரத்த அழுத்த அளவீட்டில் தெரிந்தது. களைத்தவர் இளைப்பாற அது நல்லது. பந்தயத்துக்கு முன்னிரவில் அது நல்லதன்று.

கற்பனையே வீண் என்பதும் இதன் பொருளன்று. லியன் பாம், ஷெல்லி டெய்லர் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்தது. தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றுவிட்டதாக நாள்தோறும் கற்பனை செய்த மாணவர்களை, எப்போது எங்கே அமர்ந்து எப்படிப் படிப்பது என்று கற்பனை செய்தவர்கள் விஞ்சினர். பின்னவர்கள் முன்கூட்டியே படிக்கத் தொடங்கினர், கூடுதல் நேரமும் படித்தனர். ஊர் போய்ச் சேர்ந்ததை நினைத்தவரைவிட, வழியை நினைத்தவர் அதிக தூரம் நடந்தார்.

மேனிஃபெஸ்டேஷனைப் போதிக்கும் இந்தியப் பயிற்சியாளர்கள் அதற்கு உள்நாட்டுத் தொன்மையும் தேடுகின்றனர். சங்கல்பம் என்பது இதுவே என்கின்றனர். ஆனால் சடங்கில் சொல்லப்படும் சங்கல்பத்தை நின்று கேட்டால் வேறொன்று தெரியும். இடம், காலம், செய்பவரின் பெயர், வேண்டும் பலன் ஆகிய அனைத்தும் அதில் வரும். முடிவில் நிற்கும் வினைச்சொல் 'கரிஷ்யே'. செய்யப்போகிறேன் என்பது அதன் பொருள். பெற்றுவிட்டேன் என்று அது சொல்வதில்லை.

தமிழ் வாசகருக்கு இங்கே பூசலார் நினைவுக்கு வரக்கூடும். சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் வரலாற்றின்படி, திருநின்றவூரைச் சேர்ந்த பூசலார் சிவனுக்குக் கோயில் எழுப்ப விரும்பிப் பொருள் தேடி அலைந்தார். பொருள் கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். எடுத்த எடுப்பில் முடிந்த கோயிலைக் கண்டு மகிழ்ந்தாரில்லை. பொருள்களைத் திரட்டினார், தச்சரைத் தேர்ந்தார், நல்ல நாளில் அடித்தளம் இட்டார், இரவும் உறங்காமல் பணிசெய்தார், சிகரம் வைத்துச் சுதை பூசினார், கிணறும் குளமும் மதிலும் அமைத்தார். எல்லாம் நெஞ்சுக்குள். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்குக் குறித்த நாளும், பூசலார் குறித்த நாளும் ஒன்றாயிற்று. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, வேறு நாள் பார்க்கச் சொன்னான். அக்கோயிலைத் தேடி நின்றவூருக்கு வந்த மன்னன் அங்கே எந்தக் கட்டடத்தையும் காணவில்லை.

நினைத்தது நடந்ததற்குச் சான்றாக இக்கதையைக் காட்டுவோர் அதன் முடிவைக் கடந்துவிடுகின்றனர். பூசலாரின் மனக்கோயில் அக்கதையில் கல்லாக மாறவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. அவர் கற்பனையில் இருந்தது பெறுதல் அன்று, உழைத்தல்.

ஓட்டிங்கன் பரிந்துரைக்கும் வழியும் கடினமானதன்று. விருப்பத்தைச் சொல்லி, அதன் நிறைவைச் சிறிது நேரம் எண்ணி, உடனே அதற்குக் குறுக்கே நிற்கும் தன் தடையை எண்ண வேண்டும். பின், அத்தடை வரும்போது என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். அத்தடை கைப்பேசியாக இருக்கலாம், விருப்பப் பாடத்தில் தொடாமல் விட்ட பகுதியாக இருக்கலாம். சில வேளை, தடையை நேர்மையாகப் பார்க்கும் ஒருவர் இந்த விருப்பத்தை விட்டு வேறொன்றை நாடுவதே நல்லது என்ற முடிவுக்கும் வரக்கூடும். அதற்கும் இவ்வழி இடம் தருகிறது. கிடைத்துவிட்டது என்று எண்ணுபவருக்கு அந்த வாயில் அடைபட்டிருக்கிறது, ஏனெனில் ஐயம் கொள்வதே அவருக்குக் குற்றம்.

ஈர்ப்பு விதியின் உண்மையான தீங்கு இங்கேதான் இருக்கிறது. 5,92,141 பேரும் ஐயமே இன்றிக் கற்பனை செய்திருந்தாலும் இடங்கள் 1,016தான். எஞ்சியோர் 5,91,125 பேர். வினாத்தாளின் போக்கு, பணியிடங்களின் எண்ணிக்கை, வீட்டின் பொருள்நிலை, பயிற்றுமொழி என எத்தனையோ காரணங்கள் அவர்களின் முடிவில் கலந்திருக்கும். அவை அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, "உன் நம்பிக்கையில் எங்கோ ஓர் ஓட்டை இருந்தது" என்று அக்கோட்பாடு அவர்களிடம் சொல்கிறது. ஆறாவது முயற்சியும் கைகூடாமல் அறையைக் காலிசெய்து ஊருக்கு ரயிலேறும் ஒருவர் தோல்வியைச் சுமந்து செல்கிறார். தன் மனமே தன்னைக் கைவிட்டது என்ற பொய்யையும் அவர் சுமந்து செல்ல வேண்டியதில்லை.