ஏறுவதும் இறங்குவதும்

என் பாட்டனார் இளமையில், நீலகிரியில் துரைமாரின் வேட்டைக்குச் சுமை தூக்கியவர். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வரையாட்டு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. விலங்கியல் மாணவனான எனக்கோ, அதே மலையில் வரையாடுகளை எண்ணும் ஆசை!

அதற்கென மாதுங்காவில் ஃபைவ் கார்டன்ஸைத் தினமும் ஓடிச் சுற்றினேன். மூச்சு பழகிற்று, கூடவே செருக்கும். 1646 மீட்டர் உயரக் கல்சுபாயில் எளிதாகவே ஏறினேன். இறங்கும்போதுதான் தொடைகள் நடுங்கின. நண்பனின் தோளைப் பற்றியே பாரி கிராமத்தை அடைந்தேன். வெட்கம்!

இறங்குகையில் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கவேண்டும். சமதரை ஓட்டம் அதற்கு அதிகம் உதவாது. படித்த எனக்கு இது பட்டபிறகே உறைத்தது. இப்போது செம்பூரில் எங்கள் நான்கு மாடிப் படிகளிலும் பத்துக் கிலோ அரிசிப் பையுடன் மெதுவாக இறங்குகிறேன். அண்டைவீட்டு மாமி நகைக்கிறார்.

பாட்டனார் மட்டும் தொலைபேசியில், "பையை முதுகோடு ஒட்ட இறுக்கிக் கட்டுடா, பேராண்டி" என்றார்.