திறந்து பார்த்தார்கள்

"திறந்து பார்த்தார்கள், மூடிவிட்டார்கள்." என் பெரியப்பாவைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் எப்போதும் இவ்விரண்டு வாக்கியங்களுடன் முடிந்துவிடும். 1963-ம் வருஷம் அவருடைய இரைப்பையில் கட்டி என்று சந்தேகம் ஏற்பட்டது. அது பரவியிருக்கிறதா என்று அறிய அவரைப் பார்த்த டாக்டர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மார்புக் குழியிலிருந்து தொப்புள் வரை பிளந்தார்கள். பரவித்தான் இருந்தது, தைத்துவிட்டார்கள். பிறகு மூன்று மாதம் ஜீவித்திருந்தார். அதில் பாதி, அந்தத் தையல் ஆறுவதற்கே போயிற்று.

ஆச்சரியம் என்னவென்றால், வயிற்றைப் பிளக்காமல் உள்ளே பார்க்கும் யுக்திக்கு அப்போதே அறுபது வயது கடந்திருந்தது! ஜெர்மானியரான கெல்லிங் 1901-ல் ஹாம்பர்க்கில் கூடிய வைத்தியர்கள் முன்னிலையில், பஞ்சின் வழியே வடிகட்டிய காற்றை ஒரு நாயின் வயிற்றுக்குள் செலுத்தினார். வயிறு கூடாரம் போல் உப்பியது. அதில் சிறு துவாரமிட்டு, மூத்திரப் பையைப் பார்ப்பதற்கென்று ஏற்பட்ட குழாயை நுழைத்து, உள்ளுறுப்புகளைப் பார்த்தார். 1910-ல் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த யாக்கோபேயஸ், மனிதர்களிடம் அவ்வாறு பார்த்ததைப் பிரசுரித்தார்.

ஆனால் பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டாமா? குழாயின் நுனியிலிருந்த சிறு விளக்கு சுடும், வெளிச்சமோ மங்கல். குழாய் நிறையக் காற்றும், ஆங்காங்கே மெல்லிய கண்ணாடி வில்லைகளுமாக இருந்ததில் பாதி ஒளி வழியிலேயே தொலைந்தது. இங்கிலாந்தில் ஹாப்கின்ஸ் என்ற பௌதிக சாஸ்திரி இதைத் தலைகீழாக்கினார். குழாய் நிறையக் கண்ணாடித் தண்டுகள். இடையே மெல்லிய காற்று. இந்த யோசனையை அவர் பதிவு செய்தது 1959-ல். கண்ணாடி இழைகளின் வழியே படத்தை வளைத்துக் கொண்டுசெல்லலாம் என்று 1954-ல் அவருடன் சேர்ந்து நிரூபித்தவர், பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. (இந்தப் பெயரைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கிறார்களா என்று வாசகர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.) அத்தகைய இழைகளே இன்று வெளியிலுள்ள விளக்கின் ஒளியை வயிற்றுக்குள் சேர்க்கின்றன.

2019-ல் என் தமக்கையாருக்கும் இரைப்பையில் கட்டி கண்டது. ஸ்கேன் படத்தில் பரவியதாகத் தெரியவில்லை. இரைப்பையை எடுத்துவிட நாள் குறித்தாயிற்று. "அதற்கு முன் ஒரு தடவை உள்ளே பார்த்துவிடுவோம்" என்றார் டாக்டரம்மாள். சாதாரண வயிற்று வலிக்கு இதெல்லாம் தேவையில்லை. மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற காரியம், ஆபத்தே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. தொப்புளருகே ஒரு துவாரம், பக்கத்தில் மற்றொன்று. காற்றுக்குப் பதில் இப்போது கரியமில வாயு. அதை உடம்பு தானே கிரகித்துக்கொள்கிறது.

டாக்டரம்மாள் காட்டிய படத்தில், வயிற்றின் உட்சவ்வெங்கும் ரவையை இறைத்தாற்போல் வெண்புள்ளிகள். ஒன்றிரண்டைக் கிள்ளியெடுத்துப் பரிசோதித்தார்கள். இரைப்பையை எடுத்துப் பயனில்லை என்று தெரிந்தது. பெரியப்பாவுக்குக் கிடைத்த அதே பதில்தான்.

தமக்கையார் மறுநாள் வீடு திரும்பினார். நான்காம் நாள் கொல்லையில் கனகாம்பரம் பறித்துக்கொண்டிருந்தார். மருந்து ஏற்றிக்கொண்டு பதினான்கு மாதம் இருந்தார். இடையில் பேத்தியின் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் சென்று, பாயசத்தில் சர்க்கரை போதாதென்று சமையற்காரரிடம் சண்டையும் பிடித்தார்.