மான்குர்தில் சோமாசி சுடும் பெண்கள்

மும்பையின் ஹார்பர் ரயில் தடத்தில் கோவண்டியை அடுத்துள்ள மான்குர்திலும், அதற்கு அருகிலுள்ள சீட்டா கேம்ப்பிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தீபாவளியை ஒட்டிச் சோமாசி சுடுவது பண்டிகைச் சமையலாகவும், அக்கம்பக்கத்தார் சொல்லிவைத்து வாங்கும் சிறுதொழிலாகவும் விளங்குகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி 1976ஆம் ஆண்டு அகற்றப்பட்டபோது அதன் மக்கள் குடியேற்றப்பட்ட இடமே சீட்டா கேம்ப். மான்குர்தின் லல்லுபாய் காம்பவுண்ட், ரயில் பாதையோரக் குடிசைகள் முதலியவற்றிலிருந்து பெயர்க்கப்பட்டோருக்கு 225 சதுர அடி வீடுகள் வழங்கப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. இத்தகைய வீட்டில் ஓவன் வைக்க இடமில்லை என்பதால், எரிவாயு அடுப்பும் வாணலியும் தரையில் விரித்த துணியுமே பட்டறையாகின்றன.

மைதாவைச் சிறு வட்டமாகத் தேய்த்து, பூரணம் வைத்து, பிறை வடிவில் மடித்துப் பொரிப்பதே சோமாசி; மராட்டியர் வீட்டுக் கரஞ்சியும் இதுவே. செக் நாட்டு வீடுகளில் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த மாவில் பூரணம் பொதிந்து ஓவனில் சுடப்படும் புக்தா என்னும் இனிப்பு ரொட்டிக்கும் இதற்கும் கசகசா பொதுவானது. அங்கே நீலக் கசகசாவை அரைத்துப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குழைவாகவே பொதிய முடிகிறது, ஏனெனில் உப்பிய ரொட்டி ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும். சோமாசியின் மெல்லிய ஓட்டுக்குள் ஈரம் இருந்தால் அது கொதிக்கும் எண்ணெயில் ஆவியாகி ஓரத்தைப் பிளந்துவிடும். ஆகவே பொட்டுக்கடலை மாவு, பொடித்த சர்க்கரை, ஏலக்காய் ஆகியவற்றோடு சேரும் வெள்ளைக் கசகசாவும் கொப்பரைத் துருவலும் முன்னதாகவே வெறும் வாணலியில் வறுத்து ஆறவைக்கப்படுகின்றன.

மேல்மாவில் சிறிது ரவையும், காய்ச்சி ஊற்றிய நெய்யும் சேர்கின்றன. நெய் ஓட்டைப் பொரபொரப்பாக்குகிறது. ரவை மெதுவாகவே நீரை உறிஞ்சுவதால், பிசைந்த மாவு ஈரத்துணியின் கீழ் அரைமணி நேரமாவது ஊற வேண்டும்.

தொழிலின் உயிர் ஓரத்தை மூடுவதில் உள்ளது. பல்சக்கரம் பொருத்திய சோமாசிக் கரண்டியால் ஓரத்தை வெட்டலாம், அச்சில் வைத்து அழுத்தலாம். ஆனால் தேர்ந்த கைகள் விளிம்பைக் கட்டைவிரலால் சிறிது சிறிதாக மடித்து முறுக்கிச் செல்லும்போது உண்டாகும் கயிறு போன்ற ஓரமே அழகிலும் உறுதியிலும் மேலானது. ஒரே ஒரு சோமாசி பிளந்தாலும் கொட்டிய சர்க்கரை கருகி, எண்ணெய் முழுவதும் கறுத்து, அடுத்த ஈடுகளும் கசந்துபோகும் என்பதால், தேய்ப்பவர், பூரணம் வைப்பவர், மூடுபவர், பொரிப்பவர் என நால்வர் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் மூடுபவரின் இடம் பெரும்பாலும் மூத்த பெண்ணுக்கே உரியது. தீயும் மிதமாக இருக்க வேண்டும்: மிகுந்தால் ஓடு கொப்பளித்துச் சிவக்கும், உள்ளே மாவு வேகாது, குறைந்தால் எண்ணெய் குடிக்கும்.

இத்தனை நுணுக்கமும் கிலோக் கணக்கில் விலை பேசப்படும்போது மறைந்துவிடுகிறது. மெல்லிய ஓட்டைத் தேய்ப்பவருக்கு ஒரு கிலோவில் அதிக எண்ணிக்கை சேர வேண்டும், ஒவ்வொன்றின் ஓரத்தையும் தனியே முறுக்கவும் வேண்டும். தடித்த ஓட்டோடு செய்பவரோ விரைவில் எடையை எட்டிவிடுகிறார். சிறப்பாகச் செய்பவருக்கே குறைந்த கூலி விழும் இம்முறை நியாயமற்றது. எண்ணிக்கைக்கு விலை வைப்பதே இத்தொழிலுக்குப் பொருந்தும். அவ்விலையில், முந்தைய நாள் வறுத்துப் பொடித்த நேரமும் கணக்கில் சேர வேண்டும்.