அந்த ஈ எந்தக் குடும்பம்?

ஒரு சின்ன த்ரெட். என் தப்பைப் பத்தினதுதான். சாப்பிட்டுட்டு இருக்கிறவங்க அப்புறமா படிங்க. நோயாளியோட அடையாளங்களை மாத்தியிருக்கேன்.

திங்கட்கிழமை காலை ஓபி. எழுபது வயசுப் பாட்டி, சுகர், வலது காலில் ஆறாத புண். கட்டைப் பிரிச்சா உள்ளே புழு. அரிசி நீளத்துக்கு, கூட்டமா.

பக்கத்துல மருமகள். "ஏம்மா, எத்தனை நாளா இந்தக் கட்டைப் பிரிக்காம வெச்சிருக்கீங்க?"ன்னு சத்தமாவே கேட்டுட்டேன். வரிசையில நின்னவங்க எல்லாரும் அவங்களைத் திரும்பிப் பார்த்தாங்க.

"சனிக்கிழமை காலையில கட்டு மாத்தினது சார். நேத்து லீவு."

"அவளைத் திட்டாதீங்க தம்பி"ன்னாங்க பாட்டி. நான் நம்பலை. ஈ முட்டை பொரியவே ஒரு நாள் வரை ஆகலாம், இந்த சைஸுக்கு வளர நாலஞ்சு நாளாவது வேணும்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு.

அந்தம்மா பேசாம போனை நீட்டினாங்க. கட்டு நனைஞ்சிருக்குன்னு சனிக்கிழமை சாயங்காலம் வெளியூர்ல இருக்கிற வீட்டுக்காரருக்கு அனுப்பின போட்டோ. கட்டோட ஓரத்துல ஒரு ஈ.

நான் பூச்சியியல் படிச்சவன் இல்லை, வெறும் எம்பிபிஎஸ். ஆனா பூச்சிகளைப் போட்டோ எடுத்து எந்தக் குடும்பம்னு பார்க்கிற பைத்தியம் கொஞ்சம் உண்டு. பெருசாக்கிப் பார்த்தேன்.

வீட்டு ஈக்கு முதுகுல நாலு கறுப்புக் கோடு இருக்கும். அது மஸ்கிடே குடும்பம். பச்சையாவோ நீலமாவோ உலோகம் மாதிரி மின்னினா பெரும்பாலும் காலிஃபோரிடே. 'அழகைச் சுமப்பது'ன்னு அர்த்தம், மொய்க்கிறது என்னவோ பிணத்துல! இதுல கிரைசோமியா பெஸியானான்னு ஒண்ணு இருக்கு, அதோட புழு உயிருள்ள சதையையே தின்னும். அதனாலதான் எந்த ஈன்னு பார்க்கிறது வெறும் பொழுதுபோக்கு இல்லை.

போட்டோவில் இருந்தது சாம்பல் நிறம். முதுகுல மூணு கோடு. வயிறு சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமா. கண்ணு செவப்பு. சார்கோஃபேஜிடே, அதாவது ஃப்ளெஷ் ஃப்ளை.

எனக்கு அங்கேயே வியர்த்துடுச்சு. ஏன்னா இந்தக் குடும்பத்து ஈக்கள் பொதுவா முட்டை போடாது. முட்டை தாய் வயித்துலயே பொரிஞ்சு, உயிரோட புழுவைத்தான் புண்ணுல விடும். என் கணக்கோட முதல் நாளே அடிபட்டுப் போச்சு. மிச்சமும் தப்பு. நம்ம ஊர் வெயிலுக்கும் உடம்புச் சூட்டுக்கும் ஒன்றரை நாள்ல இந்த அளவு வளர்ந்திடும்.

ஒரு மங்கலான போட்டோவை வெச்சு முடிவுக்கு வரக்கூடாது. மேலே இருந்து எடுத்த படத்துல பக்கவாட்டு முடிகள் தெரியாது, இனம் என்னன்னு சொல்லவே முடியாது. அதனால எடுத்த புழுவுல ஒண்ணைக் கை லென்ஸ்ல பார்த்தேன். புழு பின்பக்கமா மூச்சு விடும். வீட்டு ஈயோட புழுவுக்கு அந்த மூச்சுத்துளைகள் மேலாகவே தெரியும். இதுக்கு ஒரு குழிக்குள்ள புதைஞ்சிருந்தது. அதே குடும்பம்.

டர்பன்டைன் விட்டுப் புழுக்களை எடுத்து, செத்த சதையைச் சுத்தம் பண்ணி, வார்டுல சேர்த்தோம். (வீட்டுல தயவுசெஞ்சு மண்ணெண்ணெய், ஃபினாயில் எதையும் ஊத்தாதீங்க. புண்ணை மூடிட்டு நேரா வாங்க. கட்டு நனைஞ்சா, நாறினா, லீவு நாளானாலும் கேஷுவாலிட்டி திறந்திருக்கும்.)

சாயங்காலம் வார்டுக்குப் போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். பக்கத்துப் பெட்காரங்க காதுலயும் விழுற மாதிரியே கேட்டேன். "பரவால்ல சார்"ன்னாங்க. முகம் அப்படிச் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அடுத்த ஞாயித்துக்கிழமை கட்டு யார் சார் மாத்துவாங்க?"ன்னு கேட்டாங்க.

அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி அவங்களுக்கே கட்டுப் போடச் சொல்லிக் கொடுத்து, காஸும் பேண்டேஜும் கையில குடுத்தோம். கேஸ் ஷீட்டுல காலையில 'வீட்டில் கவனிப்பு இல்லை'ன்னு எழுதியிருந்தேன். அதை அடிச்சுட்டு, பக்கத்துல கையெழுத்துப் போட்டேன்.