வெரைட்டி ஹால் ரோடு

கோவை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, ஆட்டோக்காரரிடம் 'வி.எச். ரோடு' என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் விட்டுவிடுவார். 'வி.எச்.னா என்னங்க?' என்று கேட்டால்தான் கொஞ்சம் தலையைச் சொறிவார். வெரைட்டி ஹால். 1914-ல் அந்தத் தெருவில் எழும்பிய சினிமா கொட்டகையின் பெயர். பிற்பாடு கொட்டகை 'டிலைட்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. தெரு மாற்றிக்கொள்ளவில்லை. 2023-ல் கொட்டகையையே இடித்துவிட்டார்கள். தெரு மட்டும் பிடிவாதமாக அதே பெயரில் இருக்கிறது.

கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோவைக்காரர். திருச்சியில் ரயில்வே ஆபீஸில் வரைபடம் போடும் குமாஸ்தாவாக இருந்தார். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். உடம்பு முடியாமல் சொந்த ஊருக்குத் திரும்ப நினைத்தவரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். மாதச் சம்பளம் 25 ரூபாய் என்கிறார்கள். புரட்டியது இரண்டாயிரத்துச் சொச்சம். ஆறேழு வருடச் சம்பளம்! இன்றைக்கு ஒரு அரசாங்க குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு அப்படி ஒரு காரியம் செய்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கும் நடந்திருக்கும்.

ஏசுநாதர் படத்தை வைத்துக்கொண்டு கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போனார். லாகூர், பெஷாவர் வரைக்கும் போயிருக்கிறார். எல்லாம் பேசாத படங்கள். அலைந்து களைத்தோ, சலித்தோ, கடைசியில் சொந்த ஊருக்கு வந்து கட்டியதுதான் வெரைட்டி ஹால். ஆயில் இன்ஜின் வைத்துத் தானே கரண்ட் எடுத்துப் படம் ஓட்டினார். கரண்ட் கையில் இருந்ததால் அச்சகமும் ஓட்டினார். பேசும் படம் வந்ததும் 1933-ல் 'வள்ளி திருமணம்' தயாரித்தார். 1942-ல் காலமானார்.

'தென்னிந்தியாவின் முதல் தியேட்டர்' என்று இதைச் சொல்லுவார்கள். சென்னைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் 1913-லேயே 'எலெக்ட்ரிக் தியேட்டர்' கட்டிவிட்டார். ரகுபதி வெங்கையாவின் 'கெயிட்டி' வந்ததும் அதே 1914-ல்தான். இந்த 'முதல்' பஞ்சாயத்தில் எனக்கு அக்கறை இல்லை. நம்மவர் ஒருவர் அந்தக் காலத்தில் துணிந்தாரே, அது போதும்.

இதெல்லாம் புத்தகங்களில் கிடைக்கிற விஷயம். புத்தகத்தில் கிடைக்காத ஒன்றை, கோவையிலிருந்து வெகு தூரத்தில், ஜவ்வாது மலையில் கேட்டேன்.

போளூரிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூர் போயிருந்தேன். சாமை அரிசியும் தேனும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியிருக்கும். மலையாளிப் பழங்குடிக்காரர். (கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தம் சொல்வார்கள்.) "எந்த ஊரு சார்?" என்றார். கோயம்புத்தூர் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அங்க டிலைட்டு கொட்டாய் இன்னும் இருக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோவையிலேயே கல்லூரிப் பையன்களுக்குத் தெரியாத பெயர். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

பதினெட்டு, இருபது வயசில் கிணறு வெட்டும் கோஷ்டியோடு கோவைப் பக்கம் போயிருக்கிறார். மலையை விட்டு அவ்வளவு தூரம் இறங்கியது அதுதான் முதல் தடவை. வாரக்கூலி கிடைத்த நாளில் டவுனுக்கு வந்தார்கள். சுவரில் 'மலைக்கள்ளன்' போஸ்டர். பழைய படத்தைத் திரும்பப் போட்டிருந்தார்கள்.

"மலைன்னு எழுதியிருந்திச்சு. நம்ம கதைபோலன்னு உள்ள போயிட்டோம் சார்."

1954-ல் வந்த அந்த எம்.ஜி.ஆர். படம் எடுக்கப்பட்டதே கோவையில்தான், ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோவில். பெரியவரிடம் சொன்னேன். "அப்பிடியா?" என்றாரே தவிர, பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. படம் அவருக்கு முக்கால்வாசி மறந்துவிட்டது. ஞாபகம் இருந்தது வேறு.

"டிக்கெட்டுக் குடுக்கறவரு எந்த ஊரு, என்னா ஆளுன்னு ஒண்ணும் கேக்கல. காசு வாங்கிகினு சீட்டக் கிழிச்சிக் குடுத்துட்டாரு. உள்ள ஒரே பெஞ்சு. பக்கத்துல மில்லுல வேலை செய்யறவரு. வேர்க்கடலை நீட்டினாரு. கீழ வேலைக்குப் போற எடத்துலல்லாம் எங்களுக்குத் தனியாத்தான் தண்ணி ஊத்துவாங்க சார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எங்க மலையில இருட்டுக்குக் கொறச்சலே இல்ல. ஆனா அத்தினி பேரு ஒண்ணா குந்தியிருந்த இருட்டு நான் பாத்தது அது ஒண்ணுதான்."

இருட்டு விஷயத்தில் அந்த மலைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. நல்ல இருட்டைத் தேடி வைணு பாப்பு அங்கே போய்ச் சேர்ந்தது 1960-களில்.

ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமா கொட்டகைதான். அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைச் சாதி தீர்மானிக்கவில்லை, கையிலிருந்த காசு தீர்மானித்தது என்பது அவர் வாதம். படித்தபோது 'சரிதான்' என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாப்பில் அதே விஷயம் வேர்க்கடலையோடு வந்தபோதுதான் உறைத்தது. கொட்டகையில் பால்கனி, சோபா, பெஞ்சு, தரை என்று வித்தியாசம் இல்லாமலா இருந்தது? இருந்தது. ஆனால் காசு சேர்த்தால் தரையிலிருந்து பெஞ்சுக்கு ஏறிவிடலாம். தனியாகத் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் எத்தனை காசு சேர்த்தாலும் ஏற முடியாது.

"இடிச்சிட்டாங்க பெரியவரே" என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப அந்தத் தெருவுக்கு இப்ப என்னா பேரு?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். திருவண்ணாமலை பஸ் வந்துவிட்டது.

டிலைட் கடைசி வருடங்களில் பழைய படங்களைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. இது டிலைட்டின் தலையெழுத்து மட்டுமில்லை. டி.வி. வந்தது, கேபிள் வந்தது, திருட்டு சி.டி. வந்தது, மால்களுக்குள் நாலைந்து திரை வைத்த தியேட்டர்கள் வந்தன. எல்லாவற்றையும் தாக்குப்பிடித்தவர்கள்கூட நிலத்தின் விலைக்கு முன்னால் தோற்றுப்போனார்கள். ஊரின் நடுவில் அத்தனை பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு, நாளைக்கு நாலு காட்சிக்கு டிக்கெட் விற்று எந்தக் காலத்தில் அந்த விலையை எடுப்பது? மதுரை 'தங்கம்' 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர். 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரிசு என்று மதுரைக்காரர்கள் மார்தட்டுவார்கள். அங்கே இப்போது ஜவுளிக்கடை. மதுரைக்காரர்கள் சேலை எடுக்கப் போய், 'இங்கதான் ஸ்கிரீன் இருந்துச்சு' என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் போனைப் பார்க்கிறார்கள்.

நூறு வருடம் படம் காட்டிய டிலைட் போய்விட்டது. ஆனால் அந்த வார்விக் மேஜரின் எலெக்ட்ரிக் தியேட்டர் இருக்கிறதே, அது இன்னும் நிற்கிறது! காரணம் வேடிக்கையானது. அங்கே சினிமா ஓடியது இரண்டே வருடம்தான். 1915-ல் தபால் இலாகா அதை விலைக்கு வாங்கிவிட்டது. சினிமா சீக்கிரமே கைவிட்டதால் பிழைத்துக்கொண்ட சினிமா கொட்டகை. இன்றைக்கும் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் இருக்கிறது. ஸ்டாம்ப் சேகரிப்பவர்களுக்கான பிரிவு அதற்குள்தான் இயங்குகிறது. அந்தப் பக்கம் போனால் ஒருநாள் எட்டிப் பாருங்கள். டிக்கெட் கிடையாது.