'இருக்கியா?' என்று கேட்கும் ரவுட்டர்!

போனில் டவர் முழுசாக இருக்கும். ஆனால் நெட் வராது. வீடியோ காலில் பேசுபவர் வாய் திறந்தபடி உறைந்து நிற்பார். உங்களுக்கும் நடந்திருக்கும்தானே?

இப்படி 'இருக்கு, ஆனா இல்லை' என்ற நிலைதான் ரவுட்டர்களுக்கும் பெரிய தலைவலியாம். ராயப்பேட்டை மணிக்கூண்டு அருகே டீ குடித்தபடி சொன்னாள், நெட்வொர்க் இன்ஜினீயரான என் தோழி.

"மெட்ரோ வேலைக்காக இங்கே வண்டிகளைத் திருப்பிவிடுறாங்கல்ல? டேட்டாவுக்கும் அப்படித்தான். எல்லாமே கிட்டத்து வழியில போனா நெரிசலாயிடும். அதனால முன்கூட்டியே தனிப் பாதை வகுப்போம். அதுக்குப் பேர் டனல்" என்றாள்.

கேபிள் அறுந்தால் உள்ளே வரும் ஒளி நின்றுவிடும். ரவுட்டருக்கு உடனே தெரியும். ஆனால், நடுவில் ஒரு ரவுட்டர் உயிரோடு இருந்துகொண்டே டேட்டாவை விழுங்கினால்? வழக்கமான ஓ.எஸ்.பி.எஃப். முறை, பொதுவாக 10 விநாடிக்கு ஒருமுறை நலம் விசாரிக்கும். 40 விநாடி சத்தமே இல்லாவிட்டால்தான் முடிவெடுக்கும். அதுவும் பக்கத்து ரவுட்டரை மட்டும்தான் விசாரிக்கும், டனலின் மறுமுனையை அல்ல.

இதற்காக 2010-ல் தரப்படுத்தப்பட்டதுதான் பி.எஃப்.டி. டனலின் இரு முனைகளும் ஓயாமல் 'இருக்கியா?' என்று தட்டிக்கொண்டே இருக்கும். 50 மில்லி விநாடிக்கு ஒருமுறை தட்டு, மூன்று தடவை தவறினால் பாதை போச்சு என்று அமைத்தால், 150 மில்லி விநாடியில் விஷயம் தெரிந்துவிடும். டேட்டா மாற்றுப் பாதைக்குத் தாவிவிடும்.

"ஒரு தடவை தவறினாலே மாத்திடலாமே?"

"சும்மா ஒரு தாமதத்துக்கே பதறினா, நல்லா இருக்கிற பாதையையும் மூடி மூடித் திறந்துட்டிருக்கும். மாற்றுப் பாதையே இல்லைன்னா, கண்டுபிடிச்சும் பிரயோஜனமில்லை!"

எனக்கு அம்மாச்சி ஞாபகம் வந்துவிட்டது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோது, எங்கள் வீட்டு போன்கள் எல்லாம் அடங்கிவிட்டன. நாங்கள் பத்திரமாகத்தான் இருந்தோம். ஆனால், ஊரில் தனியாக இருந்த அம்மாச்சிக்கு அது தெரியாது. விசாரிக்க வேறு நம்பரும் அவரிடம் இல்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லையாம்.

இப்போது தினமும் காலை ஆறரை மணிக்கு அம்மாச்சியிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். 'எழுந்துட்டேன்' என்று அர்த்தம். வராவிட்டால் நான் கூப்பிடுவேன். மூன்று தடவையும் எடுக்காவிட்டால், பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன். பெரும்பாலும், "பால் வாங்கப் போயிருக்காங்க தம்பி" என்பார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படி ஓர் இரண்டாவது நம்பர் இருக்கிறதா? இல்லையென்றால், இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்களேன்!