சிரிக்கிற பொம்மைகளும் நியாயாதிபதிகள் புத்தகமும்

அமெரிக்காவில் வால்மார்ட் நிறுவனம் நடத்தும் சாம்ஸ் கிளப்பில் ஆண்டுச் சந்தா கட்டியவர்கள்தான் பொருள் வாங்கலாம். கார் டயரும் கோழிக்கறியும் குழந்தைகளின் டயப்பரும் பெட்டி பெட்டியாகப் போகும் அந்தப் பெரிய கூடத்தில் புத்தகங்களுக்கும் ஓரிடம் உண்டு. நூலகத்தைப் போல அங்கே அவை முதுகைக் காட்டி வரிசையில் நிற்பதில்லை. மேசைமேல் அட்டை தெரியும்படி குவிந்து கிடக்கும். அங்கே யாரும் புத்தகம் தேடி வருவதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறபோது அட்டை கண்ணில் படும், எடுத்துப் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

2011 நவம்பரில், கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும் வேளையில், அந்த மேசைகளிலிருந்து ஒரு புத்தகம் நாடு முழுவதும் அகற்றப்பட்டது. ‘தி பிரிக் பைபிள்’ என்று பெயர். பழைய ஏற்பாட்டுக் கதைகளை லெகோ கட்டைகளால் காட்சி காட்சியாகக் கட்டி, படம் பிடித்து, கீழே வசனத்தைப் போட்ட நூல். ஆபாசமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சிலர் புகார் செய்தார்கள், கடை எடுத்துவிட்டது. படமில்லாத பைபிளை அதே நிறுவனம் வழக்கம்போல விற்றுக்கொண்டிருந்தது.

செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. யோசிக்க யோசிக்க, கடையைப் பார்த்துச் சிரிப்பதற்கு அதில் அவ்வளவாக ஒன்றுமில்லை என்று பட்டது.

நூலைச் செய்தவர் பிரெண்டன் பவல் ஸ்மித். எப்பிஸ்கோப்பல் திருச்சபைக் குடும்பத்தில் வளர்ந்து, பின்னால் கடவுள் நம்பிக்கையை விட்டவர். குருப்பட்டம் பெறாமலேயே தன் பெயருக்கு முன்னால் ‘ரெவரென்ட்’ என்று போட்டுக்கொள்ளும் குசும்பும் உண்டு. 2001இல் ‘தி பிரிக் டெஸ்டமென்ட்’ என்ற இணையதளத்தைத் தொடங்கி, ஒவ்வொரு கதையாக ஏற்றிக்கொண்டே வந்தார். கதைப் பட்டியலில் நிர்வாணம், பாலுறவு, வன்முறை, கெட்ட வார்த்தை ஆகியவற்றுக்கு ஒவ்வோர் எழுத்தை அடையாளமாக வைத்திருந்தார். எந்தக் கதையில் என்ன இருக்கிறது என்று பெற்றோர் பார்த்துக்கொள்ளலாம். ஆதியாகமத்திலிருந்தே அந்த எழுத்துகள் தாராளமாக வரும். 2011இல் ஸ்கைஹார்ஸ் பதிப்பகம் பழைய ஏற்பாட்டுப் பகுதியை நூலாக்கியபோது, பாலுறவுக் காட்சிகளை முன்கூட்டியே நீக்கிவிட்டதாக ஸ்மித் சொன்னார். ஒருவர்மேல் ஒருவர் படுத்திருக்கும் பொம்மைகள் மிச்சமிருந்தன. இரண்டுக்கும் உடுப்பு இருந்தது.

லெகோவின் குட்டி மனிதன் 1978இல் வந்தவன். உயரம் நான்கு சென்டிமீட்டர். இடுப்பு மடங்கும், முழங்கால் மடங்காது. மஞ்சள் முகத்தில் இரண்டு புள்ளி, ஒரு சிரிப்பு. பத்தாண்டுக்கு மேல் அந்தச் சிரிப்பைத் தவிர வேறு முகம் அவனுக்கு இல்லை. 1989இல் கடற்கொள்ளையர் பொம்மைகள் வந்த பிறகுதான் மீசையும் முறைப்பும் வந்தன. இந்த உருவத்தை வைத்து ஒரு நகரத்தையே வாளுக்கு இரையாக்கும் காட்சியைக் கட்டினால் என்ன ஆகும்? பயங்கரம் கூடுகிறதா குறைகிறதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் தாண்டிப் போக முடிவதில்லை, அது நிச்சயம்.

தாண்டிப் போவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். தாத்தா பைபிளை ஆதியாகமம் முதல் வரிசையாக, ஒரு நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வாசிப்பார். எதையும் விடக் கூடாது என்பது அவருடைய கொள்கை. விடவும் மாட்டார். லோத்துவும் அவனுடைய மகள்களும், தாமாரிடம் யூதா போனது, சவுல் பெண் கொடுக்கக் கேட்ட விநோதமான பரிசம், அதை தாவீது இரட்டிப்பாகக் கொண்டுவந்து கொட்டியது, எல்லாம் எங்கள் காதில் விழுந்தவைதான். நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரமும் வந்தது. லேவியன் ஒருவன் தன் மறுமனையாட்டியை வெளியே நிற்கும் கூட்டத்திடம் விடுகிறான். விடிந்ததும் அவள் வாசலில் கிடக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுபோய் அவளைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, நாடெங்கும் அனுப்புகிறான். இது மாதிரி இடங்களில் தாத்தாவின் குரல் மாறாது. வேகம் மட்டும் கூடும். அந்த வேகத்தில் சொற்கள் ஓடி முடிந்துவிடும், ‘ஆமென்’ சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவோம். யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்கும்படியாக எதுவும் எங்கள் மனதில் உருவாகவில்லை என்பதுதான் உண்மை. பழைய மொழிபெயர்ப்பின் நடை, ஜெப நேரத்தின் பழக்கம், பசி, எல்லாம் சேர்ந்து அந்தப் பெண்ணை எங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டன.

எழுத்து இந்தச் சலுகையைத் தருகிறது. படிக்கிறவன் எவ்வளவு பார்க்க விரும்புகிறானோ அவ்வளவு பார்த்தால் போதும். படம் அப்படிப்பட்டதல்ல. வாசல் எங்கே, அவள் எப்படிக் கிடந்தாள், கை எந்தப் பக்கம் நீண்டிருந்தது என்று வரைகிறவன் முடிவு செய்தே ஆக வேண்டும். அவன் முடிவு செய்தது நம் முன்னால் வந்து நின்றுவிடும். அப்போதுதான் நாம் முதன்முதலாக அந்த அதிகாரத்தைப் படிக்கிறோம்.

திருச்சபைகளுக்கும் இது தெரியும். மேலை நாடுகளின் பல சபைகள் பின்பற்றும் மூன்றாண்டு வாசக அட்டவணை ஒன்று இருக்கிறது. ஞாயிறுதோறும் ஆராதனையில் எந்தப் பகுதி வாசிக்கப்பட வேண்டும் என்று அது வகுக்கிறது. அந்த மூன்றாண்டில் நியாயாதிபதிகள் புத்தகத்துக்குக் கிடைத்திருப்பது ஒரே ஓர் இடம், நான்காம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்கள். தெபொராள் பேரீச்ச மரத்தடியில் நியாயம் விசாரிப்பது அதில் வரும். அதே அதிகாரத்தில் யாகேல் கூடார ஆணியை எடுத்து, தூங்குகிற சிசெராவின் தலையில் அடித்து இறக்குவது வராது. அதற்கு முன்பே வாசகம் முடிந்துவிடுகிறது. கொழுத்த ராஜா எக்லோனின் வயிற்றில் ஏகூத்தின் கத்தி பிடியோடு புதைவதும் இல்லை, லேவியனும் இல்லை. பாலுறவைப் பச்சையாகப் பேசும் எசேக்கியேல் 23ஆம் அதிகாரத்தை எந்தப் போதகரும் பிரசங்கத்துக்கு எடுத்து நான் கேட்டதில்லை. சாம்ஸ் கிளப் மேசையிலிருந்து எடுத்தது ஒரு புத்தகத்தைத்தான். பீடங்கள் பல காலமாக அதிகாரம் அதிகாரமாக எடுத்து வந்திருக்கின்றன, மிகவும் நாசூக்காக.

வாட்டிகனிலேயே இது நடந்திருக்கிறது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ ‘கடைசி நியாயத்தீர்ப்பு’ ஓவியத்தை 1541இல் முடித்தார். அத்தனை நிர்வாணம் திருத்தந்தையின் ஆலயத்துக்கு ஆகாது என்று பியாஜியோ தா செசேனா என்ற வாட்டிகன் அதிகாரி முணுமுணுத்தார். மைக்கலாஞ்சலோ அவர் முகத்தையே நரகத்தின் நீதிபதி மினோசுக்குக் கழுதைக் காதோடு வரைந்து வைத்தார். ஆனால் கடைசியில் முணுமுணுப்புத்தான் வென்றது. டிரென்ட் பொதுச்சங்கத்தின் முடிவை ஒட்டி, மைக்கலாஞ்சலோ இறந்த மறு ஆண்டு, 1565இல், டேனியலே தா வோல்ட்டெரா சாரம் கட்டி ஏறி, உருவங்களுக்குத் துணி உடுத்தினார். ரோம் நகரம் அவருக்குக் ‘கால்சட்டைக்காரன்’ என்ற பட்டப்பெயரைக் கொடுத்தது. பெரும்பாலான இடங்களில் மேலே துணி வரைந்ததோடு சரி. ஓரிடத்தில் மட்டும் சுவரையே கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாக வரைந்தார். புனித கத்தரீனாள் நிர்வாணமாகக் குனிந்திருக்க, அவளுக்குப் பின்னால் புனித பிளேசியு அவளை நோக்கிக் கவிந்திருந்த இடம் அது. கத்தரீனாளுக்கு உடுப்புப் போட்டு, பிளேசியுவின் தலையைக் கிறிஸ்துவின் பக்கம் திருப்பிவிட்டார்.

நானூற்று நாற்பத்தாறு ஆண்டு கழித்து, உடுப்போடு இருந்த லெகோ பொம்மைகளுக்கும் வந்த சிக்கல் அதுதான். பார்க்கிறவர்களைத் தொந்தரவு செய்வது வெற்றுடம்பு அல்ல. யார் யாரை நோக்கிக் குனிகிறார் என்பதுதான்.

படம் என்றாலே தடை என்பதற்கு எதிர்ச் சாட்சியாக நிற்பவர் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே. 1866இல் வந்த அவருடைய படப் பைபிளில் இருநூற்றுக்கு மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள். பெண்ணின் சடலத்தைக் கண்டு நிற்கும் லேவியன் அதில் இருக்கிறான், அவளைத் தூக்கிக்கொண்டு போகும் லேவியனும் இருக்கிறான். ஒழுக்கத்துக்குப் பேர்போன விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அந்தப் பைபிள் வரவேற்பறை மேசையில் கிடந்தது. கறுப்பு மை, பெருந்தாள், தடித்த அட்டை எல்லாம் சேர்ந்து இது பெரியவர்களின் பக்திக்குரிய பொருள் என்று சொல்லிவிட்டன. ராபர்ட் கிரம்பின் ஆதியாகமம் இன்னொரு வகை. எழுபதுகளுக்கு முன்பே கலகக்காரச் சித்திரக்கதைகளால் பெயர்பெற்றவர் கிரம்ப். ஐம்பது அதிகாரத்தையும் ஒரு வரி விடாமல் வரைந்து 2009இல் வெளியிட்டார். வம்ச வரலாற்றில் வெறும் பெயராக வந்துபோகிறவர்களுக்குக்கூட ஆளுக்கொரு முகம் வரைந்த பொறுமை அவருடையது. லோத்துவின் மகள்கள் கதையிலும் எதையும் விடவில்லை. ஆனால் சிறுவர்கள் பெரியவர் துணையோடு பார்க்கவும் என்ற எச்சரிக்கை அட்டையிலேயே இருந்தது, நூலும் பெரியவர்கள் பகுதியிலேயே இருந்தது. ஸ்மித்தின் நூலில் இருந்ததைவிடப் பல மடங்கு அதில் இருந்தும் அது பிழைத்துக்கொண்டது.

ஆகவே புகார் சொன்ன பெற்றோரை மூடர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. லெகோ என்றால் நாலு வயதுப் பிள்ளை கை நீட்டும். அட்டை ‘இது உனக்கு’ என்று பிள்ளையிடமும், ‘இது பைபிள், பயமில்லாமல் வாங்கு’ என்று தாயிடமும் ஒரே நேரத்தில் சொல்கிறது. வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் உள்ளே யோசுவாவின் படைகள். சர்க்கரை டப்பாவில் உப்பைப் போட்டுவைத்த மாதிரித்தான். உப்பு கெட்டதல்ல, ஆனாலும் பாயசம் குடித்தவர் முகம் சுளிப்பார். இந்தக் குழப்பம் நடக்கும் என்று தெரிந்தே ஸ்மித் லெகோவை எடுத்தார் என்று நினைக்கிறேன். அவருடைய கலையே அந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கலைக்கு, அவசரமாக வண்டி தள்ளும் தாய்மார்களின் பாதையில் இருக்கும் மேசை ஏற்ற இடமல்ல.

கடையின்மேல் எனக்கிருக்கும் குறை வேறு. புத்தகத்தை இன்னொரு மேசைக்கு மாற்றியிருக்கலாம், அட்டையில் ஒரு வரி ஒட்டியிருக்கலாம். அதற்கெல்லாம் யாராவது ஒருவர் நூலைப் படித்திருக்க வேண்டும். அமெரிக்கப் புத்தக வியாபாரத்தில் விற்காத பிரதியைப் பதிப்பாளருக்கே திருப்பி அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் வழக்கம் 1930களின் பொருளாதார மந்தத்திலிருந்து இருக்கிறது. எனவே எடுத்துவிடுவதில் கடைக்குப் பெரிய நட்டமில்லை. விளக்கம் சொல்வதைவிட எளிது, மலிவும்கூட. 2004இல் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜான் ஸ்டூவர்ட் குழுவின் ‘அமெரிக்கா’ என்ற நையாண்டி நூலை, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நிர்வாணமாகக் காட்டும் ஒட்டுவேலைப் படத்துக்காக வால்மார்ட் தன் கடைகளில் விற்க மறுத்தது. அது கேலிக்காகவே செய்த படம். ஸ்மித்தின் படங்களுக்கு அடியிலோ வேத வசனம் இருந்தது. இரண்டும் கடைக்கு ஒன்றுதான்.

சொல்லுக்குச் சலுகை, படத்துக்குத் தடை என்ற ஏற்பாடு கொஞ்ச காலம் முன்பு ஓரிடத்தில் தடுமாறியது. யூட்டா மாநிலம் பள்ளி நூலகங்களில் பிள்ளைகளுக்கு ஒவ்வாத நூல்களை அகற்ற 2022இல் ஒரு சட்டம் போட்டது. அங்கே டேவிஸ் பள்ளி மாவட்டத்தில் ஒரு பெற்றோர், பைபிளையே அந்தச் சட்டத்தின்கீழ் விசாரியுங்கள் என்று வசன எண்களின் நீண்ட பட்டியலோடு மனுக் கொடுத்தார். குத்தலாகத்தான் கொடுத்தார். ஆனால் குழு மனுவை எடுத்துக்கொண்டு விசாரித்தது. சட்டப்படி தடைக்குரியதல்ல, ஆனாலும் கொச்சையும் வன்முறையும் இருப்பதால் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வேண்டாம் என்று 2023இல் முடிவு வந்தது. எதிர்ப்புக் கிளம்பி, மேல்முறையீட்டில் அதே ஆண்டு ஜூனில் பைபிள் எல்லா நூலகங்களுக்கும் திரும்பியது. அதிகாரம் அதிகாரமாகப் படித்துப் பார்க்க ஒரு குழு உட்கார்ந்தது என்ற அளவில், எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தைவிட அங்கே கவனமான வாசிப்பு நடந்திருக்கும் போலிருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு கதையை மட்டும் யாரும் தொடுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புராட்டஸ்டன்ட் வீடுகள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் விளையாடக் கூடாது. ஒரு பொம்மைக்கு மட்டும் விதிவிலக்கு, அது வேதத்திலிருந்து வந்தது என்பதால். ஜெர்மனியின் எர்ட்ஸ்கபிர்கே மலைப்பகுதித் தச்சர்கள் மரத்தில் கடைந்து உலகெங்கும் அனுப்பிய நோவாவின் பேழை. எங்கள் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் துணிப்பலகையில் அதைத்தான் முதலில் ஒட்டுவார்கள். ஒட்டகச்சிவிங்கி சன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டும், மேலே வானவில். மனிதகுலம் மொத்தமும், பால்குடிப் பிள்ளைகள் உட்பட, அந்தத் தண்ணீருக்கடியில் கிடக்கும் கதை அது. ஒரு பாறை நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும், குட்டியோடு அங்கே ஏறிவிட்ட புலியையும் டோரே வரைந்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் கப்பலை வரைந்தார்கள். இன்றைக்கும் தொட்டில் விரிப்பில் பேழை அச்சடித்து விற்கிறார்கள்.

ஸ்மித்தும் பின்னால் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு லெகோ வரிசை கொண்டுவந்தார். நோவாவின் பேழைக்கு அதில் ஒரு புத்தகம் உண்டு, லேவியனுக்குக் கிடையாது.